தீப்பெட்டி அளவில் ஒரு கண்மாய்

என் அக்கா மகன் கம்ப்யூட்டர் கேம் செய்கிறான். 'விளையாடுகிறான்' இல்லை, 'செய்கிறான்'. இந்த வித்தியாசத்தை உறவுக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே அக்காவுக்கு மூன்று வருஷம் ஓடிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "கேம் பண்றான்" என்றிருக்கிறாள் அக்கா. "அது சரி, எங்க வீட்டுப் பையனும் நாள் பூரா அதைத்தான் பண்றான். வேலைக்கு எங்கே போறார்னு கேட்டேன்" என்றாராம் பெண்ணின் அப்பா. கேசரி சாப்பிடாமலே திரும்பி வந்தார்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பையன். ஒருநாள் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்து, மாடி அறையில் உட்கார்ந்துவிட்டான். சேமிப்பு கரைந்தது. பைக் போனது. கேம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான்.

"மாமா, நீங்க பத்திரிகைக்காரர்தானே? ஒரு அட்டைப்படம் விஷயமாப் பேசணும்."

சிக்கன் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தவன், பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இருபது வருஷமாகப் பத்திரிகையில் இருக்கிறேன். பி.காம். படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் என்பதால், கவிதை பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. அட்டைப்படம் எப்படி விற்கும் என்று கேட்டால் மட்டும் எனக்கு நாக்கு நீளம்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் கேம் விற்பதற்கு ஸ்டீம் என்று ஓர் இணையக் கடை இருக்கிறது. அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2003-ல் ஆரம்பித்தது. ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் அங்கே கடை விரிக்கலாம். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அந்த 100 டாலரும் திரும்பி வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால், வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் அங்கே வந்து இறங்குகின்றன. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முதல் நாள் ஒரு சின்னத் துண்டு விரித்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

அந்தக் கூட்டத்தில் நம் சரக்கை ஒருவர் கவனிக்க இருக்கிற ஒரே வழி, ஒரு சின்னப் படம். அதற்கு அந்தத் தொழிலில் 'கேப்ஸ்யூல்' என்று பெயர். மாத்திரைதான். பல அளவுகளில் செய்து கொடுக்க வேண்டும். கடை முகப்புக்கு ஒன்று, தேடல் பட்டியலுக்கு ஒன்று, வாங்கியவர் அலமாரிக்கு நெட்டுக்குத்தலாக ஒன்று. இதில் ரொம்பச் சின்னது, சில இடங்களில் 120 பிக்சல் அகலம், 45 பிக்சல் உயரத்துக்குச் சுருங்கிவிடும். திரையில் உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான். மூன்று வருஷ உழைப்பையும் அந்த நகத்துக்குள் அடக்க வேண்டும்.

"சரி, உன் கேம் என்ன?" என்றேன்.

பெயரை எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். 'விளம்பரம் பண்ணிட்டார் மாமான்னு சொல்வாங்க' என்கிறான். என்ன கேம் என்று மட்டும் சொல்கிறேன். அது ஸ்ட்ராடஜி வகை. சுட்டு, ஓடி, குதித்து ஆடுவது இல்லை. யோசித்து ஆடுவது. நம் ஆடுபுலி ஆட்டம் மாதிரி. மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் நடுவே கையைத் தூக்கிக்கொண்டு யோசிக்கிறோமே, அந்த வகை.

இவன் விளையாட்டில் புலி இல்லை, தண்ணீர். ஒரு கண்மாய். அதன் கீழே ஐந்து ஊர். நீங்கள்தான் நீர்பாய்ச்சி. ஒவ்வொரு நாளும் எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மழை உங்கள் கையில் இல்லை. தலைமடைக்குத் தாராளமாகக் கொடுத்தால் கடைமடை காயும். காய்ந்தால் அந்த ஊர் ஜனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். கடைமடைக்கு முதலில் கொடுத்தால் தலைமடைக்காரன் கம்பெடுத்து வருவான்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவன் செய்துவைத்திருந்த முதல் அட்டையை அனுப்பினான். பறவைப் பார்வையில் முழுக் கண்மாய். ஐந்து ஊர், கோயில் கோபுரம், பனைமரம், மாட்டுவண்டி, ஏர் உழுபவர், களை எடுப்பவர்கள் என்று ஒன்றையும் விடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் அழகோ அழகு. கடையில் வைத்துப் பார்த்தால் தரையில் சிந்திய புளிக்குழம்பு. தலைப்பைக் கல்வெட்டு எழுத்து மாதிரி மெலிசாக எழுதியிருந்தான். கல்வெட்டைப் போலவே அதையும் படிக்க ஆள் தேவைப்பட்டது.

ஸ்ட்ராடஜி கேம் செய்பவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் உண்டு போலிருக்கிறது. சுடுகிற விளையாட்டு என்றால் துப்பாக்கியோடு ஒருவனை வரைந்தால் முடிந்தது. ஸ்ட்ராடஜியில் கதாநாயகன் யார்? ஆடுகிறவனின் மண்டை. யோசனையை எப்படி வரைவது? அதனால் வரைபடத்தையே வரைந்துவிடுகிறார்கள். மூன்று வருஷம் உட்கார்ந்து செதுக்கியவனுக்கு எதை விடுவதற்கும் மனசு வராது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயரை விட முடியுமா?

"இது எடுபடாதுடா" என்றேன். "முகம் போடு. ஒரு ராஜா. கையில வாள். பின்னாடி நெருப்பு. கண்ணு ரெண்டும் சிவப்பு."

"மாமா, என் கேம்ல ராஜாவே இல்லையே..."

"கண்மாய் வெட்டினது யாரு? ராஜாதானே? போடு. கீழே 'அசத்தல்'னு யாராவது பாராட்டினதா ஒரு வரியும் போடு."

அந்த வரி மட்டும் தப்பித்தது. என் நாணயத்தால் அல்ல, சட்டத்தால். 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கேப்ஸ்யூல் படத்தில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வமான துணைத்தலைப்பு தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. மதிப்பெண், விருது, பாராட்டு வாசகம், தள்ளுபடி அறிவிப்பு எதற்கும் இடமில்லை. நம் சினிமா போஸ்டர்களுக்கு அப்படி ஒரு விதி வந்தால் பாதி போஸ்டர் வெள்ளையாக நிற்கும்!

கும்பகோணத்தில் ஓவியம் படித்த ஒரு பெண்ணைப் பிடித்து, சேமிப்பில் மிச்சம் இருந்ததில் ஒரு பகுதியைக் கொடுத்து, ராஜாவை வரைய வைத்தான். வாள், நெருப்பு, சிவப்புக் கண் எல்லாம் நான் சொன்னபடி.

கடை வைத்திருப்பவருக்கு ஸ்டீமே கணக்குக் காட்டுகிறது. படம் எத்தனை பேர் கண்ணில் பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று. ராஜா ஏறியதும் உள்ளே வருகிறவர்கள் கூடினார்கள். பையன் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து, "மாமா, நீங்க கிரேட்" என்றான். நான் மனைவியிடம் போனை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன்.

ரெண்டு வாரம் கழித்து அவன் குரல் இறங்கியிருந்தது. இலவசமாக ஆடிப் பார்க்க ஒரு மாதிரித் துண்டு, அதாவது டெமோ, வைத்திருந்தான். வந்தவர்கள் ஆரம்பித்த சில நிமிஷங்களில் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். 'வெளியானதும் சொல்லு, வாங்கிக்கறேன்' என்று குறித்து வைக்கும் விஷ்லிஸ்ட் கொஞ்சமும் ஏறவில்லை. ஒருவர் எழுதியே விட்டார்: 'சண்டை எப்போ வரும்? அரை மணி நேரமா வாய்க்கால் வெட்டிக்கிட்டு இருக்கேன்.'

அவர் மேல் தப்பே இல்லை. பிரியாணி என்று போர்டு வைத்துவிட்டுத் தயிர்சாதம் போட்டால், தயிர்சாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திட்டு விழத்தானே செய்யும்? அதைவிட மோசம், தயிர்சாதம் தேடி வந்தவர் போர்டைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார். அவர் போனது யாருக்கும் தெரியாது. எந்தக் கணக்கிலும் வராது.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் 'சேல்ஸ் ரிட்டர்ன்ஸ்' என்று ஒரு கணக்குப் போடச் சொல்லித் தருவார்கள். விற்ற சரக்கு திரும்பி வந்தால் எழுதும் கணக்கு. வித்தது பெருமை இல்லை, திரும்பாமல் நிற்கிறதா பார் என்பார் எங்கள் வாத்தியார். ஸ்டீமிலும் அது உண்டு. வாங்கிய 14 நாளைக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ராஜா அட்டையோடு வெளியிட்டிருந்தால் பையன் அந்தக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டு இருந்திருப்பான்.

பொய் அட்டை என்பது புதிதில்லை. 1977-ல் அடாரி கம்பெனியின் விளையாட்டுப் பெட்டிகளுக்கு கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் பிரமாதமாக வரைந்தார்கள். அட்டையில் பீரங்கியும் விமானமும் சீறும். டி.வி.யில் போட்டால் நாலு கட்டம் நகரும். ஆனாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அட்டையில் இருந்தது பீரங்கி, உள்ளே இருந்ததும் பீரங்கிதான். கட்டத்தைப் பார்த்துப் பீரங்கியாக நினைத்துக்கொள்ள அந்த ஓவியம் கைகொடுத்தது. 1987-ல் மெகா மேன் விளையாட்டின் அமெரிக்க அட்டை இதற்கு நேர் எதிர். விளையாட்டில் அவன் கையே பீரங்கி. அட்டையிலோ யாரோ ஒரு நடுத்தர வயசு மாமா கைத்துப்பாக்கியோடு கோணலாக நிற்பார். இன்றைக்கும் மோசமான அட்டைப் பட்டியல் போட்டால் அது தவறாமல் வருகிறது.

மிகைப்படுத்தலாம், ஆளை மாற்றக் கூடாது. இதுதான் ரெண்டுக்கும் வித்தியாசம். நான் சொன்ன ராஜா, ஆள் மாறாட்டம்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ராஜா யோசனை எனக்குத் திடீரென்று வந்ததில்லை. பழக்கம். பத்திரிகைக்கு வந்த புதிதில், கடனுக்கு நிலத்தை விற்றுவிட்டுச் சென்னையில் வாட்ச்மேன் வேலை பார்த்த ஒரு விவசாயியைப் பேட்டி எடுத்தேன். நிதானமான, கௌரவமான மனிதர். தலைப்பு வைக்கும்போது, ஒரு கொலைச் செய்திக்கு வைப்பது மாதிரி ஒன்றை வைத்தேன். விற்றிருக்கும். ஒரு வாரம் கழித்து அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "தம்பி, உள்ளே எழுதினதெல்லாம் சரியா இருக்கு. ஆனா எங்க ஊர்ல எல்லாரும் மேலே இருக்கிறதைத்தான் படிச்சாங்க" என்றார். சத்தம் போடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் போனார். அந்த டீ எனக்கு இன்னும் ஆறவில்லை.

பையனைச் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். பரணிலிருந்து ஒரு பழைய சிகரெட் டப்பாவை இறக்கினேன். உள்ளே தீப்பெட்டிப் படங்கள்.

நாங்கள் சாத்தூர்க்காரர்கள். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதினார். எங்கள் வயசுப் பையன்களுக்குத் தீப்பெட்டிப் படம்தான் காசு. பத்து மான் கொடுத்தால் ஒரு ராக்கெட். ரெண்டு அங்குலப் படம். ஒரு கிளி, ஒரு சாவி, ஒரு தாமரை, ஒரு விளக்கு. ஒரு படத்தில் ஒரு பொருள்தான். மஞ்சள் மேல் சிவப்பு, சிவப்பு மேல் வெள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, பெட்டிக்கடையில் இருட்டிய பிறகு வந்து, "சாவிப் பெட்டி ஒண்ணு குடுப்பா" என்று கேட்டு வாங்கிப் போவாள். அந்த லேபிள் வரைந்தவர்கள் யாரும் பிக்சல் பார்த்ததில்லை. ஆனால், கைநீளத் தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில், நூறு பெட்டிக்கு நடுவில், ஒரு கிழவியின் கண்ணில் எது படும் என்று தெரிந்தவர்கள்.

பையன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, இதுல எல்லாம் ஒரு பொருள்தான் இருக்கு. என் கேம்ல எது அந்த ஒரு பொருள்?"

"நீ சொல்லு. உன் கேம்ல ஆடுறவன் என்னதான் பண்றான்?"

"யாருக்குத் தண்ணி, யாருக்கு இல்லைன்னு முடிவு பண்றான்."

"அப்போ அதை வரை. ஊரை வரையாதே. முடிவை வரை."

நான் அவனுக்குச் செய்த ஒரே உபகாரம் இந்த வாக்கியம்தான். அதற்கு அப்புறம் அவனே ஓர் உதாரணம் சொன்னான். நியூசிலாந்தில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து மினி மெட்ரோ என்று ஒரு விளையாட்டு செய்தார்கள். 2015-ல் ஸ்டீமில் முழுமையாக வெளியானது. ரயில் பாதைகளைக் கோடு கோடாக இழுத்துப் பயணிகளைக் கொண்டு சேர்க்க வேண்டும். அதன் அட்டையில் ரயில் டிரைவரும் இல்லை, ஓடிவரும் எஞ்சினும் இல்லை. கலர் கலராகக் கோடுகள். உள்ளே போனாலும் அதேதான். பார்த்த நிமிஷம் என்ன செய்யப் போகிறோம் என்று தெரிந்துவிடுகிறது.

அந்த ஓவியப் பெண்ணிடமே மறுபடியும் போனான். இந்தத் தடவை பைக்கை விற்ற பணத்தின் கடைசித் துண்டு. வாய்க்கால் ரெண்டாகப் பிரியும் இடம். இடது பக்கம் பச்சை வயல். வலது பக்கம் வெடித்துக் கிடக்கும் கரிசல். நடுவில் மண்வெட்டியோடு குனிந்திருக்கும் ஓர் ஆள், முதுகு மட்டும் தெரிகிறது. எந்தப் பக்கம் வெட்டப் போகிறான் என்று தெரியாது.

பெரிய அளவுக்கு இது. சின்ன அளவுக்கு இதையே சுருக்கினால் மறுபடியும் புளிக்குழம்பு ஆகிவிடும். அதனால் ஆளை எடுத்துவிட்டார்கள், வயலை எடுத்துவிட்டார்கள். இடது பாதி பச்சை, வலது பாதி மண் நிறம், தலைப்பின் ரெண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மண்வெட்டி. தலைப்பு படத்தையே கிட்டத்தட்ட நிறைத்துவிடுகிறது. சின்ன கேப்ஸ்யூலில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஸ்டீமே தன் வழிகாட்டியில் சொல்கிறது. மெலிந்த கல்வெட்டு எழுத்து போய், லாரியில் எழுதுவது மாதிரி தடித்த எழுத்து வந்தது.

முடித்துவிட்டு மூன்று பரீட்சை வைத்தோம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தோம்; நிறம் போனாலும் உருவம் நிற்கிறதா என்று. ஸ்டீமின் கருநீலப் பக்கத்தில், வேறு இருபது படங்களுக்கு நடுவே வைத்து, எழுந்து நின்று பார்த்தோம். மூன்றாவதுதான் முக்கியம். விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் காட்டி, 'நல்லா இருக்கா?' என்று கேட்கக் கூடாது. எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'இதுல என்ன பண்ணணும்னு தோணுது?' என்று கேட்க வேண்டும்.

அப்போது அக்கா காபி டம்ளரோடு வந்தாள். மூன்று வருஷமாக மகன் மாடியில் என்ன செய்கிறான் என்று தெரியாமல், தெரிந்த மாதிரி ஊருக்கெல்லாம் சமாளித்தவள். பையன் போனை நீட்டினான். திரையில் நகம் அளவு படம்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னடா இது, மம்பட்டியா?"

"ஆமாம்மா."

"தண்ணி ஒரு பக்கம்தான் போகுமா?" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன்டா, கடைசி வயக்காரனுக்கு வருமா, வராதா?"

பையன் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான்.

முதலில் காரணம் இருக்கிறது என்றேனே, அது இதுதான். எங்கள் தாத்தாவுக்கு இருந்த மூன்று ஏக்கரும் கண்மாயின் கடைமடையில். மூன்று வருஷம் தொடர்ந்து தண்ணி எட்டவில்லை. நிலத்தைக் கொடுத்துவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு சாத்தூர் வந்தார். அதனால்தான் அப்பா கணக்கெழுதினார், நான் பி.காம். படித்தேன், அக்கா சென்னைக்கு வாக்கப்பட்டாள். இந்தக் கதையை அப்பா தன் பேரனுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. அவன் சின்ன வயசில் கேட்டுவைத்துக்கொண்டு இவ்வளவு காலம் மாடியில் உட்கார்ந்து அதைத்தான் செய்திருக்கிறான். அதன் மேல்தான் நான் ஒரு சிவப்புக் கண் ராஜாவை ஒட்டச் சொன்னேன்.

புது அட்டை ஏறி ஆறு வாரம் ஆகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ராஜா கூப்பிட்ட அளவுக்கு இது கூட்டத்தைக் கூப்பிடவில்லை. ஆனால், வருகிறவர்கள் உட்கார்கிறார்கள். விஷ்லிஸ்ட் மெதுவாக, ஆனால் தினமும், நகர்கிறது. வெளியான பிறகு எவ்வளவு விற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அட்டை ஆளை வாசல் வரைக்கும்தான் கூட்டிவரும். அதற்கு அப்புறம் சமையல்.

அக்கா மட்டும் மாறிவிட்டாள். போன வாரம் ஒரு வீட்டில், "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டதற்கு, ஒன்றும் பேசாமல் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாளாம். பெண்ணின் அப்பா ஒருகாலத்தில் விவசாயம் பார்த்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணிப் பங்கீடா?" என்று கேட்டாராம்.

கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.